கங்காணி அழுத படம்

படம் பேசாத காலத்தில் படத்துக்காகப் பேசியவன் நான். திரைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, யார் நல்லவன், யார் கெட்டவன், யாருக்கு இப்போது அடி விழப் போகிறது என்று ஜனங்களுக்குச் சொல்வதுதான் என் உத்தியோகம். கொழும்பில் பேசும் படம் வந்துவிட்டது என்று அப்போதே கேள்வி. எங்கள் முதலாளி அதைக் கேட்டால் சிரிப்பார். "அது மலை ஏறி வர்றதுக்குள்ள மூச்சு வாங்கிடும். அதுவரைக்கும் உன் தொண்டைதான் நமக்கு மெசினு" என்பார்.

ஹட்டன், பொகவந்தலாவை, பூண்டுலோயா என்று பஜார் பஜாராகப் போய், காலியாகக் கிடக்கும் தகரக் கொட்டகையைப் பிடித்து, ஜன்னல்களில் சாக்கைக் கட்டி இருட்டாக்கிப் படம் காட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்குத்தான் கூட்டம். அக்கரப்பத்தனைக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லும்போதெல்லாம் எனக்குக் காய்ச்சல், வயிற்றுவலி என்று ஏதாவது வந்துவிடும். நான் பிறந்த தோட்டம் அங்கேதான் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் முதலாளி என் வயிற்றுவலியை நம்ப மறுத்துவிட்டார்.

அங்கே போய் இறங்கியதும் இன்னொரு கூத்து. ரயிலில் வந்த படப்பெட்டி மாறிவிட்டது. சண்டைப் படம் என்று ஊரெல்லாம் தமுக்கு அடித்தாயிற்று. பெட்டியைத் திறந்தால் ஒரு ஜப்பான் படம். கொழும்பில் எந்த ஜப்பான் வியாபாரி தன் வீட்டுக்காரர்களுக்காக வரவழைத்ததோ தெரியாது. காலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். ஒரு கிழவர் தனியாக ஒரு வீட்டில் இருக்கிறார். பொழுது விடிந்ததும் மெத்தைப் போர்வை ஒன்றை வெயிலில் உலர்த்துகிறார். சாயங்காலம் எடுத்து மடிக்கிறார். ராத்திரி இரண்டு படுக்கை விரிக்கிறார், ஒன்றில் மட்டும் படுக்கிறார். சுவரோரமாக ஒரு பொம்பளையின் படம். அதற்கு முன்னால் சோறு வைத்து ஊதுவத்தி கொளுத்துகிறார். மகன் வருகிறான், பேசாமல் உட்காருகிறான், போகிறான். அவ்வளவுதான் கதை. நடுநடுவே வரும் எழுத்துகள் மேலிருந்து கீழாகக் கொடி போல இறங்கின. ஒரு எழுத்தும் எங்களுக்குப் புரியவில்லை.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "நீயா எதையாச்சும் சொல்லி ஒப்பேத்துடா. வாயுள்ள புள்ளை பொழைச்சுக்கும்" என்றார்.

பெண்டாட்டி செத்த துக்கம் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். படம் பார்த்த யாருக்கும் அது விளங்கும். பகல் ஆட்டத்துக்குக் கொட்டகை நிறைந்தது. விளக்கை அணைக்கப் போகும் நேரத்தில் வாசலில் ஒரு சலசலப்பு. மழைக்காகத் தலையில் கம்பளி போட்டிருந்தவர்கள் எல்லாரும் அவசரமாக அதை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு விலகினார்கள். ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி எதிரில் வந்தால் மழை கொட்டினாலும் தலைக் கம்பளியை எடுத்துவிட வேண்டும். அதுதான் தோட்டத்து மரியாதை. அந்த மரியாதைக்கு நடுவே கோட்டும் தலைப்பாகையும் வெள்ளிப் பூண் பிரம்புமாக அவர் நடந்து வந்து, முன்வரிசையில் தமக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கும் அவருக்கும் இரண்டு முழம் தூரம்.

என் அம்மாவைக் கொன்றவர் அவர்தான். கத்தியால் இல்லை. இதே போன்ற ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்கு நெஞ்சுச் சளியும் குளிரும் சேர்ந்து கண்டு, விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைக் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் இடத்துக்கு, அவளால் போக முடியவில்லை. பெரிய கங்காணி, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கே வந்தார். மேட்டு லயத்தில் கடைசிக் காம்பராதான் எங்கள் ஒற்றை அறை வீடு. பிரம்பால் கதவைத் தள்ளினார். சுருண்டு கிடந்தவள் மேலிருந்து கம்பளியை உருவினார். "வேலைக்கு வர்றவளுக்குத்தாண்டி தோட்டத்துக் கம்பளி" என்று சொல்லி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தக் கம்பளியை வாங்குவதற்காகவே அம்மா எழுந்து போனாள். அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதைப் போர்த்திக்கொண்டு அவள் மழையில் கொழுந்தெடுத்தாள். ஈரக் கம்பளியோடு வந்து படுத்தவள் அந்த வாரமே போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. நான் பூண்டுலோயாவில் ஒரு செட்டியார் கடைக்கு மூட்டை சுமக்கப் போனேன். அங்கேதான் எழுத்தும் படித்தேன், வாயும் வளர்த்தேன்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வம் நிற்கட்டும், அதற்குக் கால் வலிக்காது. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. விளக்கு அணைந்தது. கிழவர் திரையில் வந்தார். என் வாய் தன்பாட்டில் திறந்தது.

"மகா ஜனங்களே! ஜப்பான் தேசத்திலயும் தேயிலைத் தோட்டம் இருக்கு. அந்தத் தோட்டத்துக்கு இந்தக் கிழவர்தான் பெரிய கங்காணி!"

"சண்டை எங்கடா?" என்று கத்திக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். படத்துக்கு வாசிக்கும் ஆர்மோனியக்காரர் கூடக் கையை எடுத்துவிட்டார்.

"இந்தா வெயில்ல காயுதே, இந்தப் போர்வை யாரோடதுன்னு நெனைக்கிறீங்க? காய்ச்சல்ல கெடந்த ஒரு பொம்பளையோடது! அவ மேல இருந்து இந்தக் கைதான் அதை உருவுச்சு! பெரட்டுக்கு வாடின்னு இழுத்துச்சு! சுவத்துல படமா இருக்காளே, அவதான் அந்தப் பொம்பள. இன்னைக்குச் சோறு வைக்கிறாரு, ஊதுவத்தி கொளுத்துறாரு. உசுரோட இருந்தப்ப ஒரு கொவளை சுடுதண்ணி குடுத்தாரா? கேளுங்க!"

அந்த ஜப்பான் கிழவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பாவம், அவர் முகத்தை இரவல் வாங்கினேன். அவருடைய தனிமையை எடுத்து எங்கள் கங்காணிக்குத் தண்டனையாக விதித்தேன். தினமும் செத்தவளுக்குப் படுக்கை விரிக்க வேண்டும், தினமும் அது காலியாகவே கிடக்க வேண்டும் என்று திரையைக் காட்டிச் சாபம் விட்டேன். அவ்வளவு இனிப்பான வேலையை அதற்கு முன்னும் பின்னும் நான் செய்ததில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பேச்சு தவறியது. கிழவர் அந்தப் பொம்பளையின் படத்தைத் துணியால் துடைத்தபோது, என் அம்மாவுக்கு ஒரு படம் கூடக் கிடையாதே என்று நினைத்துவிட்டேன்.

கொட்டகை முழுவதற்கும் விளங்கிவிட்டது. இருட்டிலும் தெரிந்தது, தலைகள் எல்லாம் திரையை விட்டு முன்வரிசை நாற்காலியின் பக்கம் திரும்பியிருந்தன. நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து பிரம்பை ஓங்குவார், இல்லையென்றால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடுவார். இரண்டில் எது நடந்தாலும் எனக்குச் சம்மதம்தான். கடைசியில் கிழவர் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். படம் முடிந்தது.

விளக்கு வந்தது. பெரிய கங்காணி அழுதுகொண்டிருந்தார். தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தார்.

"தம்பி, மனசை உருக்கிட்டப்பா" என்றார். "அந்தக் கங்காணிப் பய மனுசனா? நோயில கெடந்த பொம்பள மேல இருந்து போர்வையை உருவுறதுன்னா? ஜப்பான்காரனுக்கு ஈரமே கெடையாது போல."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஓநாயாவது அழும்போது தன் பல்லை அறிந்திருக்கும். இந்த மனிதருக்குத் தம்மையே அடையாளம் தெரியவில்லை. நான் இத்தனை வருஷம் நெஞ்சில் மூட்டி வைத்திருந்த நெருப்பு, அவர் வீட்டு அடுப்பில் ஒருநாளும் எரிந்ததே இல்லை. பெட்டியிலிருந்து கீழே குதித்தேன்.

"அவன் ஜப்பான்காரன் இல்லீங்க" என்றேன். "இந்தத் தோட்டந்தாங்க. மேட்டு லயத்துலதாங்க நடந்துச்சு. கம்பளியை உருவுனது நீங்க. செத்தது எங்க அம்மா."

வெளியே மழை தகரத்தில் அறைந்துகொண்டிருந்ததால் யாரும் கலையவில்லை. முதலாளி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பெரிய கங்காணி கோபப்படவே இல்லை. பிரம்பை ஊன்றிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார். இரவல் போன அரிவாள் எந்த வீட்டில் இருக்கிறது என்று யோசிப்பது போலத்தான் இருந்தது அது.

"மேட்டு லயமா?" என்றார். "மேட்டு லயத்துல எந்தப் பொம்பளையச் சொல்ற?"

கேட்ட பிறகுதான் தாம் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"எங்க அக்காவா இருக்குமுங்க."

எல்லாரும் திரும்பினோம். அவள் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள், எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு நரைத்த ஆள், "எம் பொஞ்சாதியாவும் இருக்கலாம்" என்றார். சாக்குக் கட்டிய ஜன்னலோரத்திலிருந்து இன்னொரு குரல், "எங்க ஆத்தா" என்றது. பிறகும் குரல்கள் வந்தன. நான் ஒருவன்தான் அநாதை, இந்தத் துக்கம் எனக்கு மட்டுமே சொந்தம் என்றுதான் அதுவரை சுமந்து திரிந்தேன். இத்தனை பேரும் ஒரே லயத்து அடுத்தடுத்த காம்பராக்களில் தனித்தனியாக அழுதிருக்கிறோம்.

பெரிய கங்காணி வாசலை நோக்கி நடந்தார். அங்கே நின்றவர்கள் அக்குளில் இடுக்கியிருந்த கம்பளிகளை எடுத்தார்கள். ஒவ்வொருவராக விரித்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஒருவரும் வழி விடவில்லை. அவர் பக்கவாட்டில் திரும்பி, உடம்பை ஒடுக்கி, ஈரக் கம்பளிகளுக்கு நடுவே நுழைந்து மழைக்குள் போனார்.