பேரக்காவின் ஜப்பான் மை

எங்கள் அலுவலகத்தில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்து, பிறந்த குழந்தைகளுக்குப் பெற்றோர் வைக்கும் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. அதனால் பேரக்கா. கண்காணிப்பாளர்கூட ஒருமுறை வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டு, கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் நான்காம் ஜன்னல். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு, அதுவும் தோள் உயரத்துக்குத்தான்.

மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். பெயர்க் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். அப்பாவும் அம்மாவும் கூடிப் பேசி, முறைத்துக்கொண்டு, சமாதானமாகி, சில மாதம் கழித்து வந்து பெயரைச் சொல்வார்கள். இருவரில் ஒருவர் வந்தாலும் போதும். பேரக்கா அதைத் தன் கையால் எழுதி, சொன்னவரிடம் கையெழுத்து வாங்குவார். மேசையில் நூலில் கட்டிய பால்பாயிண்ட் பேனா அதற்குத்தான். மாதக் கடைசியில் இவற்றைக் கணினியில் ஏற்ற ஒரு பெண் இருந்தாள். அவள் பிரசவ விடுப்பில் போய் ஐந்து மாதம் ஆகியும் அந்த நாற்காலிக்கு ஆள் வரவில்லை. அந்த ஐந்து மாதமும் குழந்தைகளின் பெயர் இருந்தது அந்த ஒரே பதிவேட்டில்தான்.

பதினான்கு வருடம் பால்பாயிண்டை அழுத்தி அழுத்தி எழுதியதில் பேரக்காவுக்கு வலது கட்டைவிரலின் அடியில் வலி வந்தது. முதலில் தைலம் போட்டார். பிறகு துணிப்பட்டை கட்டினார். கடைசியில் கதவுத் தாழ்ப்பாளைத் திருப்பக்கூட முடியாமல் போனபோது இயன்முறை மருத்துவரிடம் போனார். "வேலையை விடச் சொல்லல. பேனாவை அமுக்குறதை விடுங்க. தானா எழுதுற பேனாவா பாருங்க" என்றார் அவர்.

தானாக எழுதுவது என்றால் மைப்பேனாதான். விலை குறைந்த ஒன்றை வாங்கி, அலுவலகத்தில் கிடந்த கறுப்பு மையை ஊற்றினார். அது குழம்பு மாதிரி கெட்டி. பேனா இரண்டு வரி எழுதி மூன்றாம் வரியில் அடைத்துக்கொண்டது. அதைத் தூக்கிக்கொண்டு எழுதுபொருள் கடைக்குப் போனார்.

கடைக்காரம்மா பேனாவைப் பிரித்துப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிப்பை வெளிச்சத்தில் பார்த்தார். "பேனா மேல தப்பில்ல. மைதான் சரியில்ல. ஜப்பான் மை போட்டுப் பாருங்க. சின்ன பாட்டில்லயும் வருது. வழுக்கிட்டு ஓடும், விரலுக்கு நோகாது."

"எல்லாம் ஒண்ணுதானா?"

"ரெண்டு வகை. ஒண்ணு சாய மை. பேனாவுல நாள்கணக்கா கிடந்தாலும் தண்ணியில அலசினா போயிடும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அதான் நல்லது. இன்னொண்ணு நிறமி மை. காகிதத்துல ஒட்டினா தண்ணி பட்டாலும் போகாது. ஆனா தினமும் எழுதணும், காய விட்டீங்கன்னா பேனா போச்சு."

பேனா ஏற்கெனவே ஒருமுறை அடைத்துக்கொண்ட எரிச்சலில் இருந்தவர் பேரக்கா. சாய மையே போதும் என்று நீலத்தில் ஒரு பாட்டில் வாங்கினார். கடைக்காரம்மா இன்னொன்றும் சொன்னாராம்: "தபால் உறை மேல மட்டும் எழுதாதீங்க, மழைத்துளி பட்டா விலாசம் போயிடும்." தன் பதிவேட்டின் மேல் மழை பெய்யப்போவதில்லையே என்று பேரக்கா நினைத்திருக்கிறார்.

முதல் நாள் அந்த நீலத்தில் அவர் எழுதியதை நானும் எட்டிப் பார்த்தேன். எழுதும்போது ஆழ்கடல் நிறமாக இருந்தது, காய்ந்த பிறகு ஓரங்களில் லேசாகச் சாம்பல் படிந்தது. ஒரே எழுத்துக்குள் அடர்த்தியும் வெளுப்பும் தெரிந்தன. வலியும் குறைந்தது. வாரம் ஒருமுறை பக்கங்களுக்குச் சுருக்கொப்பம் போட வரும் கண்காணிப்பாளர், "மை கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் சுவரில் பத்து வருடமாகத் தொங்கும் சுற்றறிக்கையில், பதிவேடுகளை அழியா மையால்தான் எழுத வேண்டும் என்று ஒரு வரி உண்டு. அதை அன்றைக்கு அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

அதன்பிறகு பேரக்காவுக்குப் பித்துப் பிடித்துக்கொண்டது. வழவழப்பான அட்டைகளை வெட்டி, பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு மையையும் தடவி, எத்தனை நிமிடத்தில் காய்கிறது என்று எழுதி வைத்தார். ஒரு மையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் முன், தண்ணீர் தெளிவாக வரும்வரை பேனாவை அலச வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் கலந்து சேறாகும் என்று எனக்குப் பாடமே எடுத்தார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்கான அவர் கணவர் வந்திருந்தபோது, "இருபது வருஷமா என் கையில கறை, இவ திட்டுவா. இப்ப சமையலறைத் தொட்டியே நீலம், என்னால வாயைத் திறக்க முடியல" என்றார். மூன்றாம் மாதம் பேரக்கா பதிவேட்டுக்கும் மையை மாற்றினார். இந்த முறை மயில் கழுத்து நிறம்.

ஐந்தாம் மாதக் கடைசியில், ஒரு வார இறுதி விடுமுறையில், ஆவண அறைக்கு மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியின் வால்வு விட்டுப்போனது. திங்கட்கிழமை காலை அறையைத் திறந்தால் கணுக்கால் அளவு தண்ணீர். அலமாரியின் அடித்தட்டில் பேரக்காவின் பதிவேடு ஊறிக் கிடந்தது.

அவர் அதை இரு கையாலும் தூக்கி மேசையில் வைத்துத் திறந்தார். முதல் அறுபது பக்கம் பழைய பால்பாயிண்ட், ஈரமாக இருந்தாலும் ஒரு புள்ளி நகரவில்லை. அறுபத்தொன்றில் தொடங்கி நீலக் குளம். முத்திரை குத்திய எண்கள் இருந்தன. ஓரத்தில் கையெழுத்துகள் இருந்தன. நடுவில் பெயர் இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மூடிவிட்டு, தண்ணீரில் நின்றபடியே என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

கண்காணிப்பாளர் அன்றே மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். வால்வைச் சரியாக மூடாத குழாய்ப் பராமரிப்பாளரின் கவனக்குறைவால் ஆவணம் அழிந்தது என்பது அதன் சாரம். மூன்று நாள் பேரக்கா பதிவேட்டை உலர்த்தினார். பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாளை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுபோனார்.

நான்காம் நாள் குழாய்க்காரர் கையில் ஒரு தாளோடு மூன்றாம் ஜன்னலுக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், தினக்கூலியிலிருந்து நிரந்தரமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"அக்கா, இந்த ஆபீஸ் பாஷை எனக்குப் புரியல, படிச்சுச் சொல்லுங்க. வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாதுன்னு கேக்குறாங்களாமே. நான் மூடிட்டுத்தாங்க்கா போனேன். உள்ள இருந்த வாஷர் தேஞ்சு போயிருக்கு. மாத்தணும்னு போன மாசமே எழுதிக் குடுத்தேன்."

பேரக்கா படித்தார். தாளைத் திருப்பிக் கொடுக்காமல் அதையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

"சார், தண்ணி வந்தது அவரால இருக்கலாம், இல்லாம போகலாம். பேரு அழிஞ்சது என்னால. நான் எழுதினது அழியுற மை."

கண்காணிப்பாளர் பதிவேட்டை வாங்கித் திறந்து தன் சுருக்கொப்பங்களைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "ஒவ்வொரு வாரமும் நான் ஒப்பம் போட்டிருக்கேனேம்மா" என்றார்.

"ஆமா சார்."

"நீங்க சும்மா இருந்திருந்தா இது இதோட முடிஞ்சிருக்கும்."

"அந்தத் தம்பியோட வேலையும் முடிஞ்சிருக்கும் சார்."

அவர் வேறு அறிக்கை எழுதினார். விசாரணை முடியும்வரை பெயர்களை மீட்டுத் தரும் பொறுப்பும் பேரக்கா தலையில் விழுந்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். பக்கங்கள் உலர்ந்ததும் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த முதல் நீலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சாயங்கள் இருந்தன போலிருக்கிறது. நீலம் கரைந்து ஓடினாலும், நிப் போன வழியில் முடி கனத்துக்குச் சாம்பல் கோடு தங்கியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி பிடித்தால் படிக்கலாம். மயில் கழுத்து நிறம் அப்படி இல்லை, துடைத்துவிட்ட மாதிரி போயிருந்தது. அந்த எழுபத்திரண்டு குழந்தைகளுக்கு, எண்ணை வைத்துப் பெற்றோரின் தொலைபேசியைத் தேடிப் பிடித்தோம்.

"நாங்க வச்ச பேரை நீங்க தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு அப்பா, "இருங்க, வீட்டுல குண்டுன்னுதான் கூப்பிடுறோம், நிஜப் பேரை அவளைக் கேட்டுச் சொல்றேன்" என்று அரை மணி நேரம் கழித்து அழைத்தார். அன்றுதான் பேரக்கா அந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார். சாம்பல் கோட்டை வைத்துப் படித்த பெயர்களுக்கும் பெற்றோர் நேரில் வந்து மறுபடி கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு. அதனால் எல்லோருக்கும் கடிதம் போனது.

அப்படி ஒரு நாள் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அம்மாவின் தோளில் ஏழெட்டு மாதப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பேரக்கா புதிய பதிவேட்டைத் திருப்பி வைத்தார். அந்தப் பெண் படித்தாள். மறுபடி படித்தாள்.

"இது எங்க குழந்தை இல்ல. எங்க பொண்ணு பேரு மூணு எழுத்து."

"எண் சரியாத்தான் இருக்கும்மா. பழைய பக்கத்து ஓரத்துல இருக்கிற கையெழுத்து சார் போட்டதுதானே?"

கணவன் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு அந்தப் பேருதான் பிடிச்சுது" என்றான்.

"அப்ப வீட்டுல நான் இவளைக் கூப்பிடுறப்பல்லாம் நீங்களும் சேர்ந்து கூப்பிட்டீங்களே, அது என்ன?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. பிறகு பேரக்கா பக்கம் திரும்பினாள். "மேடம், தண்ணியில அழிஞ்சு போச்சுன்னுதானே கடிதம் போட்டீங்க. யாருக்கும் தெரியாது. நான் சொல்றதை எழுதிடுங்க."

"முழுசா அழியலம்மா. கோடு நிக்குது. நான் படிச்சுட்டேன்."

பூதக்கண்ணாடியைக் கம்பி வழியே நீட்டினார். அவள் குழந்தையை ஒரு கையால் அணைத்தபடி, பழைய பக்கத்தில் விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். ஐந்து எழுத்து.

"மாத்தணும்னா ரெண்டு பேரும் சேர்ந்து மனு குடுக்கணும்" என்றார் பேரக்கா. மனுத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். கணவன் அதைத் தொடவில்லை. நூலில் கட்டிய பேனாவை எடுத்து, இருந்த பெயருக்கே கையெழுத்திட்டான்.

அவள் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள். "அழிஞ்சதுதான் அழிஞ்சுது, முழுசா அழிஞ்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, அவனுக்கு முன்னால் நடந்து வெளியே போனாள். மனுத்தாள் மேசையிலேயே கிடந்தது.

அன்று மாலை பேரக்கா கிளம்பவில்லை. "நான் செஞ்சது சரியா?" என்று தடுப்புக்கு மேலாகக் கேட்டார். சரிதான் என்றேன். "உனக்கு என்ன, சுலபமா சொல்லிட்டே. ஒரு தப்பு பண்ணிட்டு அதுக்கப்புறம் நேர்மையா இருந்தா, அடி யாரு மேல விழுதுன்னு பாரு."

இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்றுப் பத்துப் பெயர்கள் திரும்பி வந்தன. இரண்டு குடும்பங்களை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. குழாய்க்காரருக்கு எச்சரிக்கையோடு போயிற்று. கண்காணிப்பாளரைத் தூரத்துக் கிளைக்கு மாற்றினார்கள். பேரக்காவைக் கீழ்த்தளத்துச் சரக்கறைக்கு அனுப்பினார்கள், எழுதும் வேலை அதிகமில்லாத இடம். விரலுக்கு அது நல்லதுதான் என்று அவர் கணவர் சொல்லிப் பார்த்தார்.

மூன்றாம் ஜன்னலுக்கு இப்போது நான் மாறிவிட்டேன். நாலைந்து மாதம் கழித்து அந்தக் குழந்தையின் எண்ணுக்கு ஒரு பெயர்மாற்ற மனு வந்தது. மதியம் அதைச் சொல்வதற்காகவே கீழே போனேன். பேரக்கா துடைப்பக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்குக்கா. ஆனா அவர் எழுதின பேரும் இல்ல, அந்தம்மா சொன்னதும் இல்ல. வேற ஒண்ணு."

"சொல்லு." சொன்னேன். அவர் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. குழந்தையையும் கூட்டிட்டு வந்திருந்தாங்களா?"

"அந்தம்மா மட்டும் திங்கட்கிழமை வந்து போட்டுட்டுப் போனாங்க. அவர் வியாழக்கிழமை தனியா வந்தார்."

பேரக்கா தலையாட்டினார். எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. முதல் கட்டிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்.