மழைத்தண்ணீர்ப் பீப்பாய்

கனடாவின் பியர்பொன்ட்ஸில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் நடை பழகியது கௌரியின் மேப்பிள் மரத்தடியில்தான். வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போவார்கள். கோடை முழுவதும் அந்த நிழலில் பாய் விரித்துக் கௌரி பிள்ளைகளை மேய்த்துக்கொண்டிருப்பாள். மேல்மாடியில் தம்பி தேவதாசன், கீழே அவள். வீடு அவன் பெயரில் இருந்தது. அவனைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தவளே அவள்தான் என்பதால், யார் பெயரில் இருந்தால் என்ன என்று இருந்துவிட்டாள்.

மரம் நின்ற இடத்தில் கார் விட ஒரு கராஜ் கட்டத் தேவதாசனுக்கு ஆசை. ஆனால் சொந்தக் காணி என்றாலும் இங்கே மரத்தை நினைத்தபடி தறிக்க முடியாது. நகரசபை அனுமதி வேண்டும். பார்க்க வந்த பெண் தண்டைத் தட்டி, அண்ணாந்து பார்த்து, மரம் சுகமாக இருக்கிறது, பட்டுப்போனால் மட்டும் தறிக்கலாம் என்று சொல்லிவிட்டாள். கௌரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

தேவதாசன் கோபிக்கவில்லை. அடுத்த கிழமையே கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு நீலப் பீப்பாயைக் கொண்டுவந்து வைத்தான்.

"குழாய்த் தண்ணியிலை குளோரின், அக்கா. மரத்துக்கு மழைத்தண்ணிதான் நல்லது."

அவன் மனம் மாறியதே அவளுக்குப் பெரிது. அந்தக் கோடையும் அடுத்த கோடையும், பிள்ளைகள் ஆளுக்கொரு குட்டி வாளியால் ஊற்ற, அவளும் மொண்டு மொண்டு ஊற்றினாள். இலை ஓரம் கருகியபோது, தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றினாள். மரம் பட்டது. அதே பெண் வந்து, தறிக்கலாம், பதிலுக்கு ஒரு கன்று நட வேண்டும் என்றாள்.

மரம் விழுந்த அன்று கௌரி தன்னையே நொந்து அழுதாள்.

பீப்பாயில் மிச்சம் கிடந்ததை வீணாக்க மனமில்லாமல் பின்படியில் இருந்த மிளகாய்ச் சாடிகளுக்குக் கொஞ்சம் ஊற்றினாள். சில நாளில் செடிகள் சுருண்டு விழுந்தன. பீப்பாய்த் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு. பனி கரைக்க வாசலில் தூவும் உப்பு மூட்டைகள் நிலவறையில் கோடையிலும் குறைந்ததை அவள் கண்டவள்தான். கூடப்பிறந்தவன் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? மரத்தைக் கொன்றதைக்கூடப் பொறுக்கலாம். அதை அவள் கையாலும் அந்தப் பிஞ்சுக் கைகளாலும் செய்வித்தானே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

சனிக்கிழமை தேவதாசன் கன்றோடு வந்தான்.

"உங்கடை கை பட்டால் இது நல்லா வரும், அக்கா."

கௌரி பீப்பாயில் ஒரு கோப்பை மொண்டு அவனிடம் நீட்டினாள்.

"வெயிலுக்கை வந்திருக்கிறாய். முதல் நீ ஒரு வாய் குடி."

அவன் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றான். இதை ஏன் குடிக்கச் சொல்கிறீர்கள் என்று அவன் கேட்கவே இல்லை.