மேடையை எடுத்த பிறகு

ஊரில் எல்லோருக்கும் அவள் டிக்கெட் அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பகலில் துணிக்கடையில் துணி அளந்து கிழிப்பாள்; சாயங்காலம் ஊர் மன்றத்தின் சின்ன ஜன்னலுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பாள். "கிழிக்கிறதுக்குன்னே பொறந்தவ நான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மன்றம் தனி ஒருவரின் சொத்து இல்லை. முன்பு நூல் கிடங்காக இருந்து, ஆலை மூடியபின் வௌவால்கள் குடியேறிய கட்டடம். ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி அதைக் கூட்டிப் பெருக்கி, வெள்ளையடித்து, அவரவர் வீட்டிலிருந்து நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். அதனால் எந்த இரண்டு நாற்காலியும் ஒரே மாதிரி இருக்காது. தான் கொடுத்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டால் சிலருக்கு முகம் சுருங்கும். சில நாள் நாடகம். மற்ற நாள்களில் மேடைக்கு முன்னால் வெள்ளைத் துணியை இறக்கிவிட்டுப் படம்.

நாடகம் என்றால் அவளுடைய தம்பிதான். சைக்கிள் கடை வைத்திருந்தான். ராஜா வேஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காததால் ஊர் அவனை ராஜா என்றே அழைத்தது. நகக்கண்ணில் கிரீஸ் கறையோடுதான் சிம்மாசனத்தில் உட்காருவான். அவன் தவழ்ந்த வயதிலேயே அம்மா போய்விட்டாள். அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவனுக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். தள்ளித் தள்ளி, அது கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. அவன் வசனம் மனப்பாடம் செய்யும்போது எதிரே உட்கார்ந்து ராணியாகவும் மந்திரியாகவும் பதில் சொல்வாள். மேடைப் பலகைகளை இழைத்து ஆணி அடித்தவனும் அவன்தான்.

ஒரு மழைக்காலத்தில் மன்றத்தின் கூரை பாதி சரிந்து விழுந்தது. மறுபடி கூரை போடும் வசதி ஊரில் யாருக்கும் இல்லை. வெளியூர் படக் கம்பெனிக்காரர் ஒருவர் போட்டுத் தருகிறேன் என்றார். ஆனால் மேடையை எடுத்துவிட வேண்டும். சுவர் முழுக்கப் பெரிய திரை. வாரம் முழுக்கப் படம். கூட்டம் போட்டுக் கை தூக்கி முடிவு செய்வதென்று ஆயிற்று.

கூட்டத்துக்கு முன்தினம் தம்பி அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தன் பக்கம் யார் யாரென்று விரல் விட்டு எண்ணினான். முதல் விரல் அக்காவுக்கு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை அவனுக்கு. அவள் சோறு பரிமாறினாள், குழம்பு ஊற்றினாள். சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே மோரும் ஊற்றினாள்.

மறுநாள் கூட்டத்தில் கைகள் இரண்டு பக்கமும் சமமாக வந்தன. தலைமை தாங்கிய மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்தார். "அக்கா, நீங்க மட்டும்தான் பாக்கி. என்ன சொல்றீங்க?"

திரைக்கு ஆதரவாக அவள் கையைத் தூக்கினாள்.

முன்வரிசையில் இருந்த தம்பி திரும்பிப் பார்த்தான். "அக்கா... உன் கையா அது?"

"கூரையே இல்லாம எந்த மேடைடா? கட்டடமாவது நிக்கட்டும்."

"நிக்கட்டும். நல்லா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அவளிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மேடையைப் பிரிக்க ஆள் வந்தபோது அவன் யாரையும் தொட விடவில்லை. தானே ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். டிக்கெட் ஜன்னலைத் தாண்டித்தான் வண்டி போயிற்று. "டேய், தண்ணியாவது குடிச்சிட்டுப் போடா" என்றாள் அவள். வண்டி நிற்கவில்லை.

புதுக்கூரை வந்தது. படத்துக்குக் கூட்டம் அலைமோதியது. அவள் நினைத்தபடி கட்டடம் பிழைத்துக்கொண்டது. தம்பி மட்டும் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. எதிரில் அவளைக் கண்டால் சைக்கிளை வேறு சந்துக்குள் திருப்புவான். அவன் மகள் கல்யாணத்துக்குத் தம்பி பெண்டாட்டி வந்து அழைத்தாள், அக்கா போனாள். அவன் எல்லோரையும் கைகூப்பி வரவேற்றான், அவள் முறை வந்தபோது உள்ளே யாரோ கூப்பிட்டதுபோல நகர்ந்துவிட்டான். வருஷங்கள் இப்படியே ஓடின. இருவருக்கும் தலை நரைத்தது.

பிறகு ஒரு காலையில் கடைக்குள்ளேயே அவன் சுருண்டு விழுந்தான். பக்கவாதம். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. "அண்ணி, நீங்க வாங்க, எனக்குத் தனியா முடியல" என்று தம்பி பெண்டாட்டி ஆளனுப்பினாள்.

அவள் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். முதல் நாள் அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாம் நாள் கஞ்சிக்கு வாயைத் திறந்தான். பசியா, மன்னிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. தினமும் போனாள். ஒரு மத்தியானம் அவன் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"கை தூக்கினது தப்புன்னு எனக்கு இன்னைக்கும் தோணலடா. ஆனா முந்தின நாளே உங்கிட்ட சொல்லியிருக்கணும். சாப்பாடு போட்டுக்கிட்டே வாயை மூடிட்டு இருந்தேன் பாரு, அதான் என்னை அறுக்குது. கோவம் போச்சாடா?"

அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற தம்பி பெண்டாட்டியிடம், "பாரும்மா, அழறான். என் பேச்சு புரியுது அவனுக்கு" என்றாள்.

தம்பி பெண்டாட்டி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாதவள். "இப்ப எல்லாத்துக்கும் தண்ணி வருது அண்ணி. விசிறியைப் போட்டாலும் வருது. அது அழுகை இல்லைன்னு டாக்டர் சொன்னாரு."

அந்த வாரமே அவன் இறந்துபோனான்.

மன்றத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். திரைக்கு முன்னால் இருந்த குறுகிய இடத்தில் ஒவ்வொருவராக வந்து நின்று அவனைப் பற்றிப் பேசினார்கள். அவள் முதல் வரிசையில், தம்பி பெண்டாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பால்காரர் பேசும்போது சொன்னார்: "கடையில டயருக்குக் காத்தடிச்சுக்கிட்டே சீட்டி அடிப்பாரு பாருங்க, தெருவே நின்னு கேக்கும்."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அவனுக்குச் சீட்டி அடிக்க வராதேம்மா. சின்னதுல நான் எவ்வளவோ சொல்லிக் குடுத்தேன், வெறும் காத்துதான் வரும்."

"பேரனுக்காகக் கத்துக்கிட்டாரு அண்ணி."

"எப்போ?"

"அது ஆச்சு, நாலஞ்சு வருஷம்."

அவள் தலையாட்டினாள். அடுத்தாற்போல் பேச வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தம்பியைப் பற்றி இன்னும் என்னவெல்லாம் இந்த ஊருக்குத் தெரியுமோ என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.