கருமாதி முடிந்தவருக்கு வீடு தேடினேன்

நோயைக் குணப்படுத்துவது டாக்டர் வேலை. குணமானவரை எங்கே அனுப்புவது என்று முழிப்பது என் வேலை. ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்த உங்களுக்கு அந்த முழி புரியும். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், ஈப்போவுக்கு அடுத்த செமோர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இங்கிலீஷும் தமிழும் படித்தவன் என்று, நோயாளிகளின் குடும்பத்தோடு பேச என்னைப் போட்டார்கள். இப்போது ஐம்பதை நெருங்கி, ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஈப்போ திரும்பியிருக்கிறேன். குழப்பம் மட்டும் தீரவில்லை.

சொந்தம் வந்தது

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோன மாரிமுத்து தப்பி வந்து, காய்ச்சலோடு எங்களிடம் படுத்திருந்தார். தேறியதும் ரப்பர் தோட்டத்திலிருந்த மனைவி லெட்சுமிக்கு ரகசியமாகச் சொல்லியனுப்பினேன். வந்தார். நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் தாலியில்லை. கட்டிக்கொண்டு அழுவார் என்று நினைத்தால், வார்டு வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார்.

"ஆளு அவர்தான் தம்பி. செத்துட்டாருன்னு சேதி வந்து, கருமாதியும் பண்ணிட்டோமே!"

மஞ்சள் கயிறு

ஊர் வழக்கப்படி, கருமாதி முடிந்தவரை அப்படியே வீட்டில் ஏற்றக்கூடாதாம். புதுசாய்ப் பிறந்தவர்போலப் பேர் வைத்து, மறுபடி தாலி கட்ட வேண்டுமாம். அவ்வளவுதானே என்று கடைக்கு ஓடி, மஞ்சள் கயிறோடு வந்தேன். காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் அந்தோணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மச்சான், நீ ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தியா, கல்யாணத் தரகுக்கு வந்தியா?"

கட்டிலில் கிடந்த மாரிமுத்துதான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. நான் இருக்கேனா, இல்லியா?"

கயிறு வேண்டாம்

கயிற்றை நீட்டினேன். லெட்சுமி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தாலி ஏறினால் புருஷன் உயிரோடிருப்பது சயாமுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கங்காணிக்குத் தெரிந்துவிடும், மறுபடி சயாம்தானாம். செத்தவரைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அதனால் தோட்டத்தில் வரிசையாய்க் கட்டிய லயத்து வீட்டுக்கே கூட்டிப்போகப் போவதில்லை. காட்டோரம் மரவள்ளி நட்ட இடத்தில் ஒரு குடிசை இருக்கிறது. அங்கே ஒளித்துவைத்து, தானே சாப்பாடு கொண்டுபோவாராம்.

"தாலியறுத்தவங்க காட்டுக்குடிசைக்குப் போய்வந்தா ஊர் என்ன பேசும்க்கா?" என்றேன். மாரிமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். லெட்சுமி அவருடைய துணியை மூட்டை கட்டிக்கொண்டே சொன்னார்:

"பேசட்டும்லா தம்பி. அந்தப் பேச்சு என்னையத்தானே சுடும், இவர ரயில்ல ஏத்தாதுல்ல?"

எங்கள் ஆஸ்பத்திரியில் பிழைத்துப் போனவர்கள் உண்டு, செத்துப் போனவர்களும் உண்டு. செத்தவராகவே பிழைத்துப் போனவர் அவர் ஒருவர்தான், அதில் நான் பார்த்த வேலை என்னவென்றுதான் இன்றுவரை விளங்கவில்லை.