மேசைக்கடியில் ஒரு கால்

அந்தப் புறநகரில் பீட்சா என்று விற்றதெல்லாம், பெட்டியோடு சேர்த்துத் தின்றாலும் வித்தியாசம் தெரியாத சரக்கு. டயர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒரு ஷட்டர், உள்ளே ஒரு மின்சார அடுப்பு, வாசலில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு விளக்கு. கடை ரெடி. இரண்டு பஸ் மாறி, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வீடு வந்து சேர்கிறவனுக்கு அடுப்படிப் பக்கம் போகத் தெம்பு ஏது? எதைக் கொடுத்தாலும் தின்பான் என்று கடைக்காரனுக்குத் தெரியும். தின்றான்.

இந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக். நாக்கண்ணன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஒவ்வொரு அடுக்குமாடியாக ஏறி இறங்குகிற வேலை அவருக்கு. பழுது பார்த்து முடித்ததும் கை கழுவுவதற்கு முன்பே வாட்ச்மேனிடம் கேட்பார்: "இங்க பீட்சா எங்கய்யா நல்லா இருக்கும்?" வாங்கி வந்து ஸ்கூட்டர் சீட்டில் பெட்டியை விரிப்பார். மேலே என்ன போட்டிருக்கிறான் என்று பார்க்கமாட்டார். துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். வெளுத்திருந்தால் அங்கேயே மூடிவிடுவார். புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தால் ஓரத்தைக் கடிப்பார். பிறகு தீர்ப்பு. "இது சீஸ் இல்லப்பா, ஜன்னல் கண்ணாடி ஒட்டற பசை." "இந்த மாவைப் பிசைஞ்சவன் பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்திருக்கான்." அவர் திட்டிய கடையை விட, திட்டிய விதம்தான் குடியிருப்பு முழுக்கச் சுற்றி வரும்.

ஒரே ஒரு கடையை அவர் மெச்சினார். பழைய இரும்புக் கடைக்குப் பின்னால், கண்ணாடி போட்ட ஒரு மனுஷன் ஒண்டியாளாக நடத்துகிற கடை. அவர் சொன்ன மறுவாரமே அங்கே வரிசை. அந்த வரிசையைத் தாண்டி நேரே முன்னால் போவார். யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். வேலை இடத்தில் சூப்பர்வைசரிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவருக்கு, இந்த ஒரு இடத்தில்தான் தலை நிமிர்ந்தது. இந்தப் பெயர் போனால் தான் வெறும் கிரீஸ் துணி என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

வீட்டில் அதே நாக்கு சாட்டையானது. மனைவி ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடும் இடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து சமைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வைத்த தட்டை அவர் ஒருமுறைகூட வாயார மெச்சியதில்லை. "மனுஷன் திங்கறதா இது?" என்று தள்ளி வைப்பார். அவள் எடுத்துக்கொண்டு போய்த் தானே சாப்பிடுவாள்.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது மோப்பத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, மற்றதெல்லாம் ஈரத் துணியைக் கடித்த மாதிரி. "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். முன்பெல்லாம் மோட்டார் கருகினால் வாசலிலேயே மூக்கு சொல்லிவிடும். இப்போது யாரும் பார்க்காத நேரம் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார்.

மனைவியிடம் மட்டும் சொன்னார். சொன்னார் என்பதைவிட, உத்தரவு போட்டார்.

"வெளிய யாருக்காச்சும் தெரிஞ்சுது, தொலைச்சுப்புடுவேன். எங்க கூப்பிட்டாலும் நீயும் வா. முதல் வாய் நீ சாப்பிடு. மேசைக்கு அடியில என் காலை அழுத்து. மட்டம்னா ஒண்ணு, நல்லா இருந்தா ரெண்டு. புரிஞ்சுதா?"

"புரியுது."

அன்றிலிருந்து அவள் நாக்கு, அவர் வாய். "முதல்ல நீ சாப்பிடும்மா" என்று எல்லோர் முன்னாலும் துண்டை நீட்டுவார். பார்க்கிற பெண்கள் தங்கள் புருஷன்களை இடித்தார்கள்: "பாத்துக் கத்துக்கங்க." அவள் கால் ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. அவரும் ஒருமுறைகூட நன்றி சொல்லவில்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம் குடியிருப்புச் செயலாளர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். தெருமுனையில் திறந்திருந்த புதுக்கடையில் ஃபிரிட்ஜ் கெட்டு, சீஸும் கெட்டுப்போயிருந்தது. அது தெரியாமல் வாங்கி வந்த செயலாளர் பெட்டியைத் திறந்ததும் கூடம் நாறியது. குப்பையில் போடப் போனவரைத் தடுத்தது கீழ்வீட்டு டெய்லர்தான்.

"இருங்க சார். நாக்கண்ணன் வரட்டும். இன்னிக்குக் கிழி கிழின்னு கிழிப்பாரு. சிரிச்சு எவ்வளவு நாளாச்சு!"

நாக்கண்ணன் மனைவியோடு உள்ளே வந்தபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. எதிர்வீட்டு டீச்சரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். ஜலதோஷம் போலிருக்கிறது என்று நாக்கண்ணன் நினைத்துக்கொண்டார். எல்லோர் முகத்திலும் அடக்கிய சிரிப்பு. தன்னைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

மேசை முன்னால் மனைவியோடு உட்கார்ந்து, துண்டைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். அருமையாகச் சிவந்திருந்தது. அவளிடம் நீட்டினார்.

"முதல்ல நீ சாப்பிடும்மா."

டீச்சரம்மா பதறினார். "ஐயோ அக்கா, வேணாம்..." செயலாளர் கண்ணைக் காட்டி அடக்கினார். அவள் வாயருகே கொண்டு போனதுமே நின்றாள். இருந்தாலும் கடித்தாள். மேசைக்கடியில் அவள் கால் அவர் ஷூவை அழுத்தியது. ஒன்று.

மட்டம். அவருக்குள் வசவுகள் வரிசை கட்டின. அதற்குள் டெய்லர் வாயைத் திறந்தார்.

"அண்ணி முகத்தப் பாத்தா ஒண்ணும் தெரியலையே! எப்படி அண்ணி இருக்கு?"

கூட்டம் தயாராக இருந்தது. சூடேற்ற ஒரு சிரிப்பு போதும்.

"இவகிட்ட போய் கேக்கறீங்களே!" என்றார் நாக்கண்ணன். "இவளுக்கு ஏதுய்யா நாக்கு? அட்டைப் பெட்டியை வெட்டி வச்சாலும் ஆஹான்னு திம்பா. வீட்டுல இவ கையால தின்னு தின்னுதான் நான் பீட்சா தேடி ஊரு சுத்தறேன்."

வீடே அதிர்ந்தது. செயலாளர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. வாயில் இருந்த நாற்றத்தை மெதுவாக மென்றாள், விழுங்கினாள். அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

மேசைக்கடியில் அவள் கால் மறுபடி அழுத்தியது. நிதானமாக, நன்றாக உணரும்படி.

ரெண்டு.

அவர் வசவுகளை விழுங்கிவிட்டு ஒரு பெரிய துண்டாகக் கடித்தார். லேசாகப் புளித்தது. தக்காளி என்று நினைத்துக்கொண்டார். கண்ணை மூடி மென்று, கைதேர்ந்த நீதிபதி மாதிரி தலையாட்டினார்.

"சும்மா சொல்லக் கூடாது. இந்த ஏரியாவுல இப்படி ஒரு சீஸ் நான் தின்னதில்ல. அந்த இரும்புக்கடைக்காரன்லாம் இனிமே கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் இரண்டாவது துண்டை எடுத்தார். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

"அண்ணே," என்றார் டெய்லர். "வாடை தெரியலையாண்ணே?"

"என்ன வாடை?"

செயலாளர் எழுந்து உள்ளே போய் எதையோ கைக்குள் மறைத்து எடுத்து வந்தார். "கண்ணை மூடுங்கண்ணே. சும்மா விளையாட்டுக்குத்தான்." மூக்குக்குக் கீழே நீட்டினார். "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

நாக்கண்ணன் மேசைக்கடியில் காலை நீட்டித் துழாவினார். அங்கே எதுவும் இல்லை. அவள் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பூண்டு," என்றார்.

கண்ணைத் திறந்தார். ஷூ பாலிஷ் டப்பா.

அந்தச் சிரிப்பை அவர் அதுவரை கேட்டதில்லை. அவர் கிளப்பிவிட்ட சிரிப்பு இல்லை அது. டெய்லர் நாற்காலியில் இருந்து சரிந்தே விட்டார். டீச்சரம்மாகூட முந்தானைக்குள் குலுங்கினார். இத்தனை காலம் அவர் வாயால் வயிறு நிறைந்த கூட்டம், அன்றைக்கு அவரையே பரிமாறிக்கொண்டது.

திரும்பி வரும்போது படிக்கட்டில் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏண்டி இப்படிப் பண்ணினே?"

"எனக்குத்தான் நாக்கே கிடையாதே. நீங்கதான சொன்னீங்க."

கையை விடுவித்துக்கொண்டு படியேறினாள்.

அந்த வாரத்திலிருந்தே அவருக்குப் பெயர் பாலிஷ். "பாலிஷ் அண்ணே, லிஃப்ட் நின்னுபோச்சு, கொஞ்சம் மோந்து பாருங்க." எந்தக் கடை நல்ல கடை என்று இப்போது டெய்லரிடம் கேட்டார்கள். அவர் சொன்னதெல்லாம் தப்பு. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. இரும்புக் கடைக்குப் பின்னால் நாக்கண்ணன் வரிசையைத் தாண்டிப் போனபோது பின்னாலிருந்து ஒருவன், "யோவ், வரிசையில நில்லுய்யா" என்றான். நின்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வாங்காமலே வந்துவிட்டார்.

பிறகு ஒருநாள் வேலை முடிந்து வரும்போது அவளே அந்தக் கடையில் வாங்கி வந்தாள். அடிக்கடி புகழக் கேட்டிருந்தாளே தவிர, அவர் ஒருநாளும் அவளை அங்கே கூட்டிப் போனதில்லை. "உனக்கெல்லாம் எதுக்கு அது?" என்று இருந்துவிட்டார்.

பெட்டியை விரித்து எதிரே உட்கார்ந்தாள். ஓரத்திலிருந்து தொடங்கி, அவசரமே இல்லாமல் சாப்பிட்டாள். பாதியில் கண்ணை மூடினாள். அவர் அறியாத ஏதோ ஒன்று அவள் முகத்தில் பரவியது. அவருக்கும் ஒரு துண்டு தள்ளி வைத்தாள். கடித்தார். ஈரத் துணி.

மேசைக்கடியில் அவர் கால், கேட்காமலே அவள் கால் பக்கம் நகர்ந்தது.

"எப்படி இருக்கு?" என்றார். குரல் பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது.

அவள் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தாள்.

"நீங்களே சொல்லுங்க."

அவர் துண்டைத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.