சமயபுரத்திலிருந்து வந்த காற்று

எனக்கு ஹாம் ரேடியோ உரிமம் கிடைத்தபோது வயது நாற்பத்து நாலு. ஸ்ரீரங்கத்திலிருந்து மன்னார்புரத்தில் இருக்கும் என் ஆபீசுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தே படித்து, பரீட்சை எழுதிப் பாஸ் செய்தேன். ஆபீசில் பக்கத்து சீட்காரர், "இதுல பாஸானா புரமோஷன் உண்டாங்க?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு என் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்ததைப் பார்த்தேன். என் கணவர் மட்டும், "போன்ல பேசினா ஒருத்தர்தான் மாட்டுவாங்க, இதுல ஊரே மாட்டும்," என்று சொல்லிக்கொண்டே மொட்டை மாடியில் ஆன்டெனா நிறுத்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

சொந்தமாக ஒரு ரேடியோ செட்டை வைத்துக்கொண்டு, லாபம் எதுவும் இல்லாமல், முகம் தெரியாதவர்களோடு பேசுகிறவர்கள் நாங்கள். திருச்சி வட்டாரத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பெருமழை, சூறைக்காற்று, வெள்ளம், எதைக் கண்டாலும் உடனே செட்டில் சொல்ல வேண்டும். எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அதைக் குறித்துக்கொண்டு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனில் தெரிவிப்பார். அவருக்கு ஒரே ஒரு விதிதான்.

"பயங்கரமா காத்தடிக்குதுன்னு யாரும் சொல்லாதீங்க. கிளை ஆடுதா, முறியுதா? அதைச் சொல்லுங்க. நீங்க பார்த்தீங்களா, யாராவது சொல்லிக் கேட்டீங்களா? அதையும் சொல்லுங்க."

நான் கொடுத்த முதல் தகவலே சொதப்பல். ஒரு சாயங்காலம் கொள்ளிடத்துக்கு அந்தப்பக்கம் கன்னங்கரேலென்று மேகம் திரண்டு வருவதாகப் பரபரப்பாக அறிவித்தேன். வாத்தியார் நிதானமாக, "மேகம் தரையிலேர்ந்து கிளம்புதாங்க?" என்று கேட்டார். உற்றுப் பார்த்தேன். ஆமாம், தரையிலிருந்துதான் கிளம்பியது. யாரோ வயலில் காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்தியிருக்கிறார்கள். சமயபுரத்திலிருந்து ஒரு குரல், "இங்க வாசனையே வந்துடுச்சுங்க," என்றது. அடுத்த ஒரு மாதம் நான் செட்டில் வணக்கம் சொன்னால்கூட யாராவது, "புகையா, மேகமா?" என்று கேட்டார்கள்.

அந்தச் சமயபுரத்துக் குரலுக்குச் சொந்தக்காரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். ஒன்றரை வருஷமாகக் கிட்டத்தட்ட தினமும் பேசியிருக்கிறோம், நேரில் பார்த்ததில்லை. அவர் பேச ஆரம்பித்தால் லாட்ஜில் தங்கும் பக்தர்கள், தண்ணீர் லாரி, மொட்டை மாடியில் தொல்லை தரும் குரங்கு என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

போன கத்திரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அடுக்குமாடியின் கீழே, கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய காலி இடத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளரின் பெண்ணுக்கு வளைகாப்பும் பூச்சூட்டலும். இந்தச் செயலாளர் மாமாவுக்கும் என் ஆன்டெனாவுக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. அவர் வீட்டு டிவியில் எது கெட்டாலும் என்னால்தான் என்பார். ஒரு தடவை ரிமோட்டில் பேட்டரி தீர்ந்து போனதற்குக்கூட மேலே ஏறி வந்தார்.

நாலு மணி சுமாருக்கு நான் பட்டுப்புடவை கட்டிக் கிளம்பிக்கொண்டிருந்தபோது செட்டில் லாட்ஜ்காரர் குரல் கேட்டது. வழக்கமான நிதானம் அதில் இல்லை.

"வடக்கால வானம் கறுத்து வருதுங்க. புழுதி சுவர் மாதிரி எழும்பி வருது. எதிர்க்கடைத் தகரம் பறந்துச்சு, நானே பார்த்தேன். ரோட்டுல வேப்பமரக் கிளை முறிஞ்சு கிடக்கு."

"எந்தப் பக்கம் நகருது?" என்று வாத்தியார் குறுக்கே கேட்டார்.

"தெக்கால. ஸ்ரீரங்கம் பக்கமாத்தாங்க. இங்க தண்ணித் தொட்டி மூடி..."

அதோடு குரல் நின்றுவிட்டது. வாத்தியார் இரண்டு முறை கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். பதில் இல்லை.

"நான் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிடறேன். உங்க பக்கம் எப்படி இருக்கு?" என்று வாத்தியார் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பளிச்சென்று வெயில். ஒரு தென்னோலைகூட அசையவில்லை. பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்பதால், "வெயில் அடிக்குதுங்க," என்றேன். சொல்லும்போதே கரும்புச் சோகை ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை ஊர் சிரிக்க வேண்டுமா என்று ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். ஆனால் லாட்ஜ்காரர் பாதிப் பேச்சில் நிறுத்துகிறவர் இல்லை. கையடக்க செட்டை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஓடினேன்.

ஷாமியானாவுக்குள் ஐம்பது அறுபது பேர். மணையில் பெண் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். செயலாளர் மாமா கையில் கடிகாரத்தைப் பார்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, பெருங்காத்து வருது. எல்லாரையும் உள்ள போகச் சொல்லுங்க."

அவர் ஷாமியானாவுக்கு வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தார். "ஆகாசம் நன்னா இருக்கே! யார் சொன்னா?"

"சமயபுரத்துல ஒருத்தர், ரேடியோல."

"ஏம்மா, நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வளையல் அடுக்கியாகணும். உன் ரேடியோவைக் கேட்டுண்டு நான் விசேஷத்தை நிறுத்த முடியுமா?"

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. "மாமா, அங்க தகரம் பறந்திருக்கு. கிளை முறிஞ்சிருக்கு. எங்கிட்ட பேசிண்டிருந்தவர் குரலே நின்னு போச்சு," என்றேன். கடைசி வார்த்தைகள் கொஞ்சம் உடைந்துதான் வந்தன.

அதைக் கேட்டு மணையிலிருந்து பெண்தான் எழுந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "அப்பா, எனக்கு இங்க புழுங்கித் தள்றது. கீழ் வீட்டு மாமி ஆத்து ஹால்ல உட்கார்ந்து அடுக்கிண்டா ஆகாதா?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை, நடக்க ஆரம்பித்துவிட்டாள். நிறைமாதப் பெண் நடந்தால் அறுபது பேரும் பின்னால் நடக்க வேண்டியதுதானே. தாம்பாளம், பூக்கூடை, கலந்த சாதம் எல்லாம் ஊர்வலமாகக் கிளம்பின. என் கணவர் இரண்டு கையிலும் தயிர்சாத அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பாதிப் பேர் உள்ளே போவதற்குள் வெளிச்சம் மஞ்சளாக மாறியது. அதற்கப்புறம் எல்லாம் சில நிமிடங்களில் நடந்தது. முதலில் கண்ணைத் திறக்க விடாமல் புழுதி, பிறகு காற்று. ஷாமியானா ஒரு முறை குடை போல உப்பி மேலே போனது. திரும்பி வரும்போது இரும்புக் கால்களோடு நாற்காலி வரிசை மேல் விழுந்தது. கடைசி ஆளாகச் செயலாளர் மாமா, குத்துவிளக்கை நெஞ்சோடு அணைத்தபடி மாடிப்படிக்குள் நுழைந்தார். மேலே மொட்டை மாடியிலிருந்து ஏதோ நொறுங்கும் சத்தம். என் ஆன்டெனா என்று புரிந்தது.

கரண்ட் போய்விட்டது. மழை கொட்டியது. மாமா படியில் நின்று விரலை நீட்டி நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். எண்ணி முடித்ததும் என்னைத் தேடி வந்தார். "அந்த மனுஷரைக் கேளு, இது இன்னும் எத்தனை நாழி அடிக்கும்?"

"அவர்தான் பேசவே மாட்டேங்கிறாரே மாமா."

மாமா என் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துகொண்டார். நான் செட்டில் வாத்தியாருக்குத் தகவல் கொடுத்தேன்: ஷாமியானா விழுந்தது, எதிர்வீட்டு முருங்கை வேரோடு சாய்ந்தது, யாருக்கும் அடியில்லை, எல்லாம் கண்ணால் பார்த்தது. பிறகு லாட்ஜ்காரரைக் கூப்பிட்டேன். கரகரப்புதான் கேட்டது. உள்ளே ஹாலில் டார்ச் வெளிச்சத்தில் வளையல் அடுக்கிப் பாட ஆரம்பித்திருந்தார்கள். கால் மணி நேரம் போயிருக்கும்.

"ஹலோ, யாராவது இருக்கீங்களா?" என்றது செட்.

"இருக்கோம், இருக்கோம்!" என்று என்னை முந்திக்கொண்டு மாமா கத்தினார். நான் பட்டனை அழுத்தாததால் அது லாட்ஜ்காரருக்குக் கேட்கவில்லை.

தண்ணீர்த் தொட்டி மூடி பறக்கப் பார்த்திருக்கிறது. கீழே ரோட்டில் ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்ததால், செட்டைப் போட்டுவிட்டு மூடியின் மேல் குப்புறப் படுத்துவிட்டாராம். "குளிச்சு முடிச்சாச்சுங்க. செட்டும் குளிச்சிடுச்சு. லாட்ஜுக்கு வந்த பக்தர் ஒருத்தர் துண்டால துடைச்சுக் கொடுத்தாரு," என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுவாரம் புது ஆன்டெனா ஏற்றினோம். மாமா தாமே ஏணியைப் பிடித்தார். ஆனாலும், செய்தி நேரத்தில் பேசக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டார்.

அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்த பிறகு நானும் கணவரும் சமயபுரம் போனோம். அப்படியே லாட்ஜுக்கும் போனோம். ரிசப்ஷனில் ஒல்லியாக ஒருவர், காதில் பேனாவோடு இருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்க, வாங்க" என்றார். நான் "நல்லா இருக்கீங்களா" என்றேன். "நல்லா இருக்கேங்க." அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அவர் மேஜையைத் துடைத்தார். நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன். காபி வந்தது, குடித்தோம். "அப்போ போயிட்டு வரோம்" என்று கிளம்பிவிட்டோம்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் என் கைப்பையில் இருந்த செட்டிலிருந்து அவர் குரல் கேட்டது. "அந்தக் குரங்கைப் பத்திச் சொல்ல மறந்துட்டேங்க..." கொள்ளிடம் பாலம் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தோம்.