நீள பஸ் கண்டக்டர் சீதாலெட்சுமி

1982இல் அந்த நீள பஸ் கிள்ளான் டிப்போவுக்கு வந்தபோது, அதில் வேலை செய்யக் கண்டக்டர்கள் தயங்கினார்கள். இரண்டு பஸ்களை நடுவில் கோத்ததுபோன்ற வண்டி. பதினேழு மீட்டர், மூன்று கதவுகள். இரண்டும் சேருமிடத்தில் தரையில் ஒரு வட்டத் தட்டு. அதைச் சுற்றிச் சுவர்போல மடிப்பு மடிப்பான ரப்பர். பஸ் வளையும்போது தட்டு சுழலும். மேலே நிற்பவர்கள் தள்ளாடுவார்கள்.

சீதாலெட்சுமிக்கு அப்போது இருபத்தாறு வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவள். அந்த பஸ்ஸுக்கு அவளாகவே பெயர் கொடுத்தாள்.

பின்கதவில் யார் ஏறுகிறார்கள் என்பது டிரைவர் பக்கிரிசாமிக்குத் தெரியாது. அவளுடைய மணிதான் அவருக்குக் கண். ஒன்று அடித்தால் கிளம்பலாம், இரண்டு என்றால் அடுத்த ஸ்டாப்பில் நிறுத்த வேண்டும், மூன்று என்றால் உடனே நிறுத்த வேண்டும். மழை பெய்தால் ரப்பர் மடிப்பு ஒழுகும். இரு பாதிகளிலும் டிக்கெட் கிழிக்க வசதியாக அவள் தட்டின்மேலேயே நின்றுகொள்வாள். மூன்று வருடத்தில் அதன் ஒவ்வோர் அசைவும் அவள் காலுக்குப் பழகிவிட்டது.

1985 தைப்பூசத்தன்று அந்த பஸ்ஸைப் பத்துமலைக் கோயிலுக்கு விட்டார்கள். உட்கார்ந்தவர்களைவிட நின்றவர்கள் அதிகம். செந்தூல் தாண்டியதும் சீதாலெட்சுமி மூன்று முறை மணியடித்தாள். பக்கிரிசாமி ஓரம் கட்டினார்.

“என்னம்மா, யாரும் விழுந்துட்டாங்களா?”

“இல்லண்ணே. தட்டு ஒரு பக்கம் தூக்குது. சத்தமும் சரியில்ல.”

“இன்னும் கொஞ்ச தூரந்தான். மெதுவா போயிரலாம் லா.”

“முன்னால உக்காந்திருந்தா தெரியாதுண்ணே. இங்க வந்து பாருங்க.”

வந்து பார்த்தார். தட்டின் விளிம்புக்கும் தரைக்கும் இடையே அவள் விரலை நுழைத்துக் காட்டினாள். “காலையில இதுல ஒரு டிக்கெட்கூட நுழையல.”

பக்கிரிசாமி போய் இன்ஜினை அணைத்தார். எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். செருப்பில்லாமல் வந்திருந்த வயதான பெண் ஒருத்தி, “இந்த வெயில்ல எப்படிம்மா நடக்கிறது?” என்று கேட்டாள். திட்டியவர்களைவிட அந்தக் கேள்விதான் சீதாலெட்சுமியை உறுத்தியது.

பஸ் கம்பெனி இன்ஸ்பெக்டர் விஜயன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். “நீ எப்ப மெக்கானிக் ஆன? வீட்டுக்குப் போ. கூப்பிட்டா வந்தா போதும்.”

இரண்டு நாள் வீட்டில் இருந்தாள். கூட்டத்தின் பாரத்தில் தட்டு லேசாக அமுங்கியதைத்தான் பெரிதுபடுத்திவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் வர்க்‌ஷாப்பிலிருந்து வரச் சொல்லி ஆள் வந்தது.

வர்க்‌ஷாப் தலைவர் வல்லிபுரம் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். பஸ்ஸுக்குக் கீழே இருந்த பள்ளத்திலிருந்து குரல் கொடுத்தார்.

“கீழ வந்து பாருங்கோ பிள்ளை.”

தட்டைப் பிடித்திருந்த இருபத்துநான்கு போல்ட்டுகளில் ஏழு முறிந்திருந்தன, எல்லாம் ஒரே பக்கம்.

“இன்னும் ரெண்டு மூண்டு போயிருந்தா பின்பாதி ரோட்டிலதான்,” என்றார். “இது மேல இத்தின சனத்த நிக்க விட்டா எப்பிடித் தாங்கும்?”

அவள் பள்ளத்தின் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள்.

விஜயன் மன்னிப்புக் கேட்கவில்லை. “திங்கக்கிழமை டூட்டி. வந்துரு,” என்றார்.

“வரேன் சார். ஆனா அந்தத் தட்டுமேல இனி யாரையும் நிக்க விடமாட்டேன்.”

அவர் சிரித்துவிட்டுப் போனார். ஆனால் பஸ் திரும்ப ஓடத் தொடங்கியபோது தட்டைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு, நிற்கக் கூடாது என்று மலாய் மொழியில் எழுதியிருந்தார்கள். மாதம் ஒருமுறை வல்லிபுரம் போல்ட்டுகளைச் சோதித்தார்.

உதிரி பாகங்கள் கிடைக்காமல் 1991இல் நீள பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். சில ஆண்டுகளில் எல்லா பஸ்களிலும் கண்டக்டர் வேலையே இல்லாமல் போயிற்று. சீதாலெட்சுமிக்குக் கிள்ளான் பஸ் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டர் வேலை கிடைத்தது. உட்கார்ந்தே இருப்பது அவளுக்கு ஒத்துவரவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றபடியே டிக்கெட் கொடுத்தாள்.